ஓஹியோ கவுண்டிகளில் இறப்புப் பதிவும் இரங்கல் குறிப்பும் தேடுவது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

என் மருமகள் அமெரிக்காவின் ஓஹியோ மாநிலத்தில், தென்கோடி ஆற்றங்கரை ஊரான அயர்ன்டனில் பிறந்தவள். பேத்தி பள்ளிக்காகக் கொடிவழிப் படம் வரைந்தபோது என் பக்கத்தில் ஐந்து தலைமுறைப் பெயர்களைச் சொல்லிவிட்டேன். அவள் அம்மா பக்கம் கொள்ளுத்தாத்தாவோடு நின்றுவிட்டது. அந்தப் பாதிப் படத்தை அவள் என்னிடம் காட்டிய அன்று தேட ஆரம்பித்தேன். எட்டு ஆண்டுகள் ஓடிவிட்டன. இப்போது தமிழ் நண்பர்கள் பலர் என்னிடம் வழி கேட்கிறார்கள். சிலருக்கு மருமகளோ மருமகனோ அமெரிக்கர். சிலர் வாங்கிய பழைய வீட்டில் முன்பு யார் வாழ்ந்தார்கள் என்று அறிய விரும்புகிறார்கள். சிலர் இங்கேயே தங்கள் பெற்றோரை இழந்தவர்கள். திரும்பத் திரும்ப வரும் கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறேன். நான் சொல்வதெல்லாம் ஓஹியோவுக்குப் பொருந்துவது. மற்ற மாநிலங்களில் ஆண்டுகளும் விதிகளும் வேறு.

கவுண்டி என்பது என்ன? இறப்புப் பதிவுக்கு அங்கே ஏன் போக வேண்டும்?

ஏறக்குறைய நம் ஊர் மாவட்டம் போன்றது. ஓஹியோவில் 88 கவுண்டிகள் இருக்கின்றன. ஒவ்வொன்றுக்கும் ஒரு தலைநகர், அதன் நடுவே ஒரு நீதிமன்றக் கட்டடம். நிலப் பத்திரம், திருமணம், உயில், வரி எல்லாம் அங்கேதான் பதிவாகும். அமெரிக்காவில் நாடு முழுவதற்குமாக இறப்புச் சான்றிதழ் வழங்கும் ஒரே அலுவலகம் இல்லை. மாநிலங்களே பதிவு செய்கின்றன. மாநிலம் அதைக் கையில் எடுக்கும் முன் கவுண்டிதான் எழுதி வைத்தது. அதனால் பழைய இறப்பு எதைத் தேடினாலும் கவுண்டியின் பெயர் தெரியாமல் ஓரடி நகர முடியாது.

எந்தக் கவுண்டியில் தேட வேண்டும்? வாழ்ந்த இடமா, அடக்கம் செய்த இடமா?

இரண்டும் அல்ல, உயிர் பிரிந்த இடம். நான் முதலில் ஏமாந்தது இங்கேதான். பலரும் ஏமாறுவதும் இங்கேதான்.

அயர்ன்டன் இருப்பது லாரன்ஸ் கவுண்டியில். ஆற்றைக் கடந்தால் கென்டக்கி மாநிலம். சற்றே கிழக்கே போனால் மேற்கு வர்ஜீனியாவின் ஹன்டிங்டன் நகரம். மருமகளின் கொள்ளுப்பாட்டி வாழ்நாள் முழுவதும் அயர்ன்டனில் இருந்தவர், கல்லறையும் அங்கேதான் இருக்கிறது. ஆகவே லாரன்ஸ் கவுண்டியில் மாதக்கணக்கில் தேடினேன். கடைசியில் சம்பந்தி அம்மா பேச்சோடு பேச்சாக, "பாட்டியை ஹன்டிங்டன் மருத்துவமனைக்குத்தானே கொண்டு போனார்கள்" என்றார். மேற்கு வர்ஜீனியாவின் பதிவுகளில் பத்து நிமிடத்தில் கிடைத்தது. அந்த மாநிலம் பழைய இறப்புப் பதிவுகளின் படங்களை இணையத்தில் இலவசமாகவே வைத்திருக்கிறது.

எல்லையோர ஊர் என்றால் பக்கத்து மாநிலத்தையும் பாருங்கள். வயதானவர் கடைசிக் காலத்தில் மகள் வீட்டுக்குப் போயிருக்கலாம். காசநோய் கண்டவரைத் தொலைவிலுள்ள சானடோரியத்தில் சேர்த்திருக்கலாம். மனநல மருத்துவமனை, ராணுவ வீரர் இல்லம், சிறை என்று எங்கே உயிர் போனதோ அங்கேதான் பதிவு இருக்கும்.

இன்னொன்று. கவுண்டி எல்லைகள் மாறியிருக்கின்றன. ஓஹியோவின் கடைசிக் கவுண்டியான நோபிள் 1851ல்தான் உருவானது. அதற்கு முன் அந்த நிலம் மன்ரோ, கர்ன்சி, மார்கன், வாஷிங்டன் ஆகிய நான்கு கவுண்டிகளுக்குள் இருந்தது. 1840ல் அங்கே இறந்தவரின் உயில் நோபிளில் இருக்காது.

எந்த ஆண்டில் இறந்தவருக்கு எந்த அலுவலகம்?

மனதில் பதிய வேண்டிய தேதிகள் இரண்டு. ஒன்று 1867, மற்றொன்று 1908 டிசம்பர் 20.

1867 முதல் 1908 டிசம்பர் 20 வரை கவுண்டியின் புரொபேட் நீதிமன்றம் இறப்புகளைப் பதிவு செய்தது. உயில், வாரிசு விவகாரங்களைக் கவனிக்கும் நீதிமன்றம் அது. தடித்த பேரேடுகளில், கையெழுத்தில், ஓர் ஆளுக்கு ஒரு வரி. பல கவுண்டிகளில் அந்தப் பேரேடுகள் இன்றும் நீதிமன்றக் கட்டடத்திலேயே இருக்கின்றன. சிலவற்றைப் பல்கலைக்கழகங்களில் இயங்கும் வட்டார ஆவண மையங்களுக்கு மாற்றியிருக்கிறார்கள். டேட்டனில் ரைட் ஸ்டேட், ஏதென்ஸில் ஓஹியோ பல்கலைக்கழகம், வடமேற்கில் பௌலிங் கிரீன் ஆகியவை அத்தகைய மையங்கள்.

1908 டிசம்பர் 20 அன்று மாநிலம் முழுவதற்கும் ஒரே மாதிரியான இறப்புச் சான்றிதழ் நடைமுறைக்கு வந்தது. ஆளுக்கு ஒரு தனித்தாள். பழைய தாள்கள் கொலம்பஸ் நகரில் ஓஹியோ ஹிஸ்டரி கனெக்ஷன் என்ற வரலாற்று அமைப்பு நடத்தும் மாநில ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. அண்மைக் காலத்தவற்றை மாநிலச் சுகாதாரத் துறையிலும், இறப்பு நடந்த கவுண்டி அல்லது நகரத்தின் சுகாதார அலுவலகத்திலும் வாங்கலாம்.

1908 முதல் 1953 வரையிலான சான்றிதழ்களின் படங்களை ஃபேமிலிசர்ச் என்ற குடும்ப வரலாற்றுத் தேடல் இணையதளத்தில் இலவசக் கணக்கு ஒன்று தொடங்கிப் பார்த்துவிடலாம். கடிதம் எழுதும் முன் அங்கே ஒரு மாலையைச் செலவிடுங்கள். பாதிப் பேருக்கு வேலை அங்கேயே முடிந்துவிடும்.

அந்தப் புரொபேட் பேரேட்டில் என்னென்ன இருக்கும்?

இரண்டு பக்கமும் விரித்தால் கட்டம் கட்டமாக ஓடும். பெயர், இறந்த தேதி, மணமானவரா இல்லையா, வயது, இறந்த இடம், பிறந்த இடம், தொழில், பெற்றோர் பெயர், இனம், மரணக் காரணம், கடைசியாக வசித்த இடம், தகவல் தந்தவர். இத்தனை கட்டங்களையும் எழுத்தர் நிரப்பியிருப்பார் என்று எதிர்பார்க்காதீர்கள். பெற்றோர் கட்டம் காலியாக இருப்பது சகஜம். வயது ஆண்டு, மாதம், நாள் என்று மூன்றாகப் பிரிந்திருக்கும். மூன்றும் இருந்தால் பிறந்த தேதியைக் கணக்கிட்டுவிடலாம்.

கடைசிக் கட்டத்தைக் கவனியுங்கள். தகவல் தந்தவர் என்ற இடத்தில் பல பக்கங்களில் வரி மதிப்பீட்டாளர் என்றே இருக்கும். வரிக் கணக்குக்காக ஆண்டுக்கு ஒருமுறை வீடு வீடாகப் போகிறவர், "போன வருஷம் உங்கள் வீட்டில் யாராவது இறந்தார்களா?" என்று கேட்டு எழுதிக்கொண்டு வருவார். பத்து மாதங்களுக்கு முன் நடந்த சாவின் தேதியை, வாசலில் நின்றபடி, ஞாபகத்திலிருந்து சொன்னது அது. தேதி ஒரு வாரம் முன்பின் இருந்தால் திகைக்க வேண்டாம். வேறு ஊருக்குக் குடிபோய்விட்ட குடும்பத்தின் சாவு பதிவாகாமலே போயிருக்கும்.

நான் பார்த்த ஒரு பக்கத்தில் முப்பதுக்கும் மேற்பட்ட வரிகள். அவற்றில் ஒன்பது குழந்தைகள், மூன்றுக்குப் பெயரே இல்லை. பெயர் இருக்க வேண்டிய இடத்தில் 'கைக்குழந்தை' என்ற ஆங்கிலச் சொல்லும் தகப்பன் பெயரும் மட்டும். குழந்தையைத் தேடுகிறவர்கள் தகப்பன் பெயரில் தேடுங்கள்.

1908க்குப் பிந்தைய சான்றிதழை எப்படிப் படிப்பது?

பொதுவாக இடது பாதி குடும்பம் சொன்னது, வலது பாதி மருத்துவர் சொன்னது. இந்த ஒரு வேறுபாட்டைப் புரிந்துகொண்டால் சான்றிதழில் எதை நம்பலாம், எதை நம்பக்கூடாது என்பது தானாக விளங்கும்.

இடப் பக்கத்தில் பெயர், பிறந்த தேதி, தொழில், தகப்பன் பெயர், அவர் பிறந்த இடம், தாயின் கன்னிப் பெயர் (மணத்துக்கு முந்தைய குடும்பப்பெயர்), அவர் பிறந்த இடம். இதற்கெல்லாம் கீழே, தகவல் தந்தவரின் பெயரும் முகவரியும். நான் எந்தச் சான்றிதழை எடுத்தாலும் முதலில் அந்த வரியைத்தான் படிப்பேன். மகள் சொல்லியிருந்தால் தாத்தா பாட்டி பெயர் சரியாக இருக்க வாய்ப்பு அதிகம். மருமகன் சொல்லியிருந்தால் ஐயம் கொள்ளுங்கள். தகவல் தந்தது மருத்துவமனைப் பதிவேடு என்றிருந்தால் பெற்றோர் பெயர் 'தெரியாது' என்றே முடிந்துவிடும். இழவு வீட்டில், அழுது வீங்கிய கண்களோடு ஒருவர் சொன்ன பதில்கள் இவை என்பதை மறக்காதீர்கள். நம் வீட்டில் அப்படி ஒரு நாளில் பாட்டியின் பிறந்த ஊரைக் கேட்டால் எத்தனை பேர் சரியாகச் சொல்வோம்?

வலப் பக்கத்தில் இறந்த தேதி, மருத்துவர் எந்தத் தேதியிலிருந்து பார்த்துவந்தார், கடைசியாக உயிரோடு பார்த்தது எப்போது, மரணக் காரணம், அது எத்தனை நாள் நீடித்தது, துணைக் காரணம். அதற்கும் கீழே அடக்கம் செய்த இடம், தேதி, இறுதிச் சடங்கு நடத்துபவர் பெயர். அந்த இடுகாட்டுப் பெயர் அடுத்த கதவைத் திறக்கும். ஓஹியோவில் பல சிற்றூர் இடுகாடுகளை டவுன்ஷிப் (கவுண்டிக்குள் இருக்கும் சிறு நிர்வாகப் பிரிவு) அறங்காவலர்கள் நிர்வகிக்கிறார்கள். அவர்களிடம் எந்தக் குழியில் யார், அந்த நிலத்தை வாங்கியவர் யார் என்ற ஏடு இருக்கும்.

1918 அக்டோபர், நவம்பர் மாதச் சான்றிதழ்களைப் புரட்டும்போது மனதைத் திடப்படுத்திக்கொள்ளுங்கள். இன்ஃப்ளூயன்ஸா, நிமோனியா, மறுபடியும் இன்ஃப்ளூயன்ஸா. பெரும்பாலும் இருபதிலிருந்து நாற்பது வயதுக்குள் இருந்தவர்கள்.

மரணக் காரணம் என்று எழுதியிருக்கும் சொற்கள் புரியவில்லையே?

பழைய பெயர்கள். அடிக்கடி வருகிற சிலவற்றைச் சொல்கிறேன். கன்சம்ப்ஷன் என்றால் காசநோய், நம் பாட்டிமார் எலும்புருக்கி என்றார்களே அதுதான். டிராப்ஸி என்பது உடம்பில் நீர் கோர்த்து வீங்குவது. அது நோய் அல்ல, இதயமோ சிறுநீரகமோ பழுதானதன் அறிகுறி. அப்போப்ளெக்ஸி என்றால் மூளை ரத்தக்குழாய் அடைப்போ கசிவோ ஏற்பட்டு வந்த திடீர் மரணம். லா கிரிப் என்பது இன்ஃப்ளூயன்ஸா. சம்மர் கம்ப்ளெயின்ட் என்றால் கோடையில் குழந்தைகளைக் கொண்டுபோன வயிற்றுப்போக்கு. சைல்ட்பெட் ஃபீவர் என்பது பிரசவ ஜன்னி. அதைக் கண்டால் அதே வாரத்தில் ஒரு பிறப்பு பதிவாகியிருக்கிறதா என்று பாருங்கள்.

1867க்கு முன் இறந்தவர்களுக்கு?

அரசு இறப்புப் பதிவு கிடைக்கும் என்று நம்பியிருக்க வேண்டாம். உயில், சொத்துப் பட்டியல், பாகப்பிரிவினை, அனாதைக் குழந்தைகளுக்குக் காப்பாளர் நியமனம் போன்ற நீதிமன்ற ஆவணங்கள்தான் வழி. 1852க்கு முன் அவற்றைப் புரொபேட் நீதிமன்றம் அல்ல, கவுண்டியின் பொது வழக்குகளை விசாரிக்கும் காமன் பிளீஸ் நீதிமன்றம் கவனித்தது. தேவாலய ஏடுகளும் கல்லறைக் கற்களும் இருக்கின்றன. 1850, 1860, 1870, 1880 மக்கள்தொகைக் கணக்கெடுப்புகளில் ஒரு தனிப் பட்டியல் உண்டு. கணக்கெடுப்பு நாளுக்கு முந்தைய பன்னிரண்டு மாதங்களில் இறந்தவர்களின் பட்டியல் அது, விடுபட்டவர்களும் உண்டு, அதாவது ஜூன் 1 முதல் மே 31 வரை. பத்தாண்டுக்கு ஓராண்டு மட்டுமே அகப்படும். ஆனாலும் அந்த ஓராண்டுக்குள் வந்தவருக்கு மாதமும் காரணமும் கிடைத்துவிடும்.

நான் உறவினர் அல்ல. கேட்டால் தருவார்களா?

தருவார்கள். ஓஹியோவில் இறப்புச் சான்றிதழ் பொது ஆவணம். யார் வேண்டுமானாலும் கட்டணம் கட்டி வாங்கலாம். ஒரே ஒரு கட்டுப்பாடு: இறந்து ஐந்தாண்டுகள் ஆகும் வரை, நெருங்கிய உறவினர் போன்ற உரிமையுள்ளவர்களைத் தவிர மற்றவர்களுக்குத் தரும் பிரதியில் சோஷியல் செக்யூரிட்டி எண் (மத்திய அரசின் ஓய்வூதிய அமைப்பு ஒவ்வொருவருக்கும் தரும் எண்) இருக்காது. எல்லா மாநிலமும் இப்படி அல்ல. டெக்சஸில் இறப்புப் பதிவு பொதுவில் வர 25 ஆண்டுகள் ஆக வேண்டும்.

கவுண்டி அலுவலகத்துக்கு எப்படி எழுதுவது?

சுருக்கமாக, ஒரு கடிதத்தில் ஓர் ஆள். அங்கிருப்பவர்கள் அன்றாட வேலைக்கு நடுவே பேரேட்டை எடுத்துப் பார்ப்பவர்கள். குடும்ப வரலாற்றை நான்கு பக்கம் எழுதினால், என்ன கேட்கிறோம் என்பதே அவர்களுக்குத் தெரியாமல் போகும். நான் அனுப்பும் கடிதத்தின் சாரம் இதுதான்:

"1867 முதல் 1908 வரையிலான இறப்புப் பேரேட்டில் கீழ்க்கண்டவரின் பதிவைப் பார்த்துத் தருமாறு வேண்டுகிறேன். பெயர் இது, இப்படியும் எழுதப்பட்டிருக்கலாம் (மூன்று வடிவங்கள்). இறந்தது 1889க்கும் 1891க்கும் இடையே. வசித்தது இந்த டவுன்ஷிப். கணவர் பெயர் இது. பதிவு கிடைத்தால் முழு வரியின், அதாவது இரு பக்கங்களின், நகல் வேண்டும். கட்டணம் எவ்வளவு, எப்படிச் செலுத்துவது என்று தெரிவித்தால் உடனே அனுப்புகிறேன்."

'இரு பக்கங்களின்' என்பதை மறக்காதீர்கள். ஒரு பக்கம் மட்டும் நகலெடுத்தால் பாதிக் கட்டங்கள் போய்விடும். தகவல் தந்தவர் கட்டம் வலக் கோடியில்தான் இருக்கும்.

"பதிவு இல்லை" என்று பதில் வந்துவிட்டது. அவ்வளவுதானா?

இல்லை. 'நீங்கள் எழுதிய எழுத்துகளில், நீங்கள் சொன்ன ஆண்டுகளில் இல்லை' என்றுதான் அதற்குப் பொருள். ஜெர்மானிய, வெல்ஷ், ஐரிஷ் பெயர்களைக் காதால் கேட்டு எழுதியிருப்பார்கள். பெயரின் முதல் எழுத்தே மாறியிருக்கும். கையெழுத்தில் 'எல்', 'எஸ்', 'டி' எழுத்துகள் ஒன்றுபோல் தெரியும். அட்டவணை தயாரித்தவர் பிழையாகப் படித்திருக்கலாம். எங்களுக்குத் தேவைப்பட்ட ஒரு பெயரை இணைய அட்டவணையில் முதலெழுத்து மாற்றிச் சேர்த்திருந்தார்கள். பெயரை விட்டுவிட்டு, அந்த டவுன்ஷிப்பில் அந்த ஆண்டு இறந்தவர்கள் எல்லோரையும் வரி வரியாகப் படித்துத்தான் கண்டுபிடித்தேன். ஒரு சனிக்கிழமை முழுக்கப் போனது, ஆனால் வீண் போகவில்லை.

நீதிமன்றம் எரிந்துவிட்டது என்கிறார்களே?

சின்சினாட்டியைச் சொல்கிறீர்கள். 1884 மார்ச் இறுதியில், ஒரு கொலை வழக்கின் தீர்ப்பால் வெகுண்ட கூட்டம் ஹாமில்டன் கவுண்டி நீதிமன்றத்துக்குத் தீ வைத்தது. ஏராளமான ஆவணங்கள் அழிந்தன. ஆனால் சின்சினாட்டி நகரச் சுகாதாரத் துறை தனியாகவே இறப்புகளைப் பதிந்து வந்திருந்தது. 1865 முதல் 1912 வரையிலான அந்த நகரப் பதிவுகளைச் சின்சினாட்டி பல்கலைக்கழக நூலகம் இணையத்தில் வைத்திருக்கிறது. எரிந்தது என்று கேட்டவுடன் கைவிடாதீர்கள். எரிந்தது எந்த அலுவலகம், எந்த ஆண்டுகள், அதே செய்தியை வேறு யார் எழுதி வைத்திருப்பார்கள் என்று கேளுங்கள்.

இரங்கல் குறிப்பும் கவுண்டி அலுவலகத்தில் கிடைக்குமா?

கிடைக்காது. இரங்கல் குறிப்பு அரசு ஆவணம் அல்ல, பத்திரிகைச் செய்தி. அதற்குப் போக வேண்டியது கவுண்டியின் பொது நூலகம். நீதிமன்றத்துக்கு இரண்டு தெரு தள்ளித்தான் பெரும்பாலும் இருக்கும். ஓஹியோவின் கவுண்டி நூலகங்களை நான் கோயில் போல மதிக்கிறேன். உள்ளூர் வரலாற்றுக்கென்று ஓர் அறை, உள்ளூர்ச் செய்தித்தாள்களின் மைக்ரோஃபிலிம் சுருள்கள், தன்னார்வலர்கள் ஆண்டுக்கணக்கில் உட்கார்ந்து தயாரித்த அட்டவணைகள்.

மாநில அளவில் தேட நல்ல இடம் ஒன்று இருக்கிறது. ஃப்ரீமான்ட் நகரில், 19ஆவது அதிபர் ரதர்ஃபோர்ட் ஹேய்ஸின் பெயரில் இயங்கும் நூலகம் ஓஹியோ இரங்கல் குறிப்பு அட்டவணையை நடத்துகிறது. பல நூலகங்கள் சேர்ந்து உருவாக்கியது. லட்சக்கணக்கான பெயர்கள். அதில் குறிப்பின் முழு வாசகம் இருக்காது. எந்தப் பத்திரிகை, எந்தத் தேதி, எந்தப் பக்கம் என்பதும் நகலை யாரிடம் கேட்கலாம் என்பதும் தெரியவரும். கிளீவ்லாந்தில் இறந்தவர் என்றால் அந்நகரப் பொது நூலகத்தின் நெக்ராலஜி கோப்பைப் பாருங்கள். 1833 முதல் 1975 வரை அங்கே வெளியான மரண அறிவிப்புகள் அதில் இருக்கின்றன.

மரண அறிவிப்பு, இரங்கல் குறிப்பு இரண்டும் ஒன்றுதானா?

ஒன்றல்ல. மரண அறிவிப்பு குடும்பத்தார் காசு கொடுத்துப் போடும் விளம்பரம். நாலைந்து வரி: பெயர், வயது, உறவுகள், அடக்கம் எப்போது. நம் நாளிதழ்களின் மரண அறிவிப்புக் கட்டம் போல. இரங்கல் குறிப்பு பத்திரிகைக்காரர் எழுதிய வாழ்க்கைச் சுருக்கம். இலங்கைத் தமிழர்களின் மரண அறிவித்தல்களைப் படித்தவர்களுக்கு இதைப் படிக்கும் கலை ஏற்கெனவே தெரியும். 'இன்ன ஊரைப் பிறப்பிடமாகவும் இன்ன ஊரை வதிவிடமாகவும் கொண்ட' என்று தொடங்கி மகன், மருமகள், சகோதரர், மைத்துனர் என்று கிளை கிளையாக விரியுமே, அதே விரிவு 1920களின் அமெரிக்கச் சிற்றூர்க் குறிப்புகளிலும் உண்டு. உயிரோடு இருப்பவர்கள் யார், எந்த ஊரில் இருக்கிறார்கள் என்று ஒவ்வொருவராக வரும். நான் அதை ஒரு தாளில் கொடிவழியாக வரைந்துகொண்டே படிப்பேன். திருமணமான மகள்களின் புதிய குடும்பப்பெயர் வேறெங்கும் கிடைக்காமல் இங்கே கிடைக்கும்.

தேதியில் கவனம் வேண்டும். வாரப் பத்திரிகை 'கடந்த செவ்வாய்' என்று எழுதும். வெளியான நாளிலிருந்து பின்னோக்கி எண்ணுங்கள். குறிப்பு ஒன்றோடு நில்லாமல் அடுத்த இரண்டு வார இதழ்களையும் பாருங்கள். வெளியூரிலிருந்து துக்கத்துக்கு வந்தவர்களின் பெயர்களும், குடும்பத்தார் போடும் நன்றி அறிவிப்பும் அங்கே இருக்கும்.

பாட்டியின் பெயரில் தேடினால் எதுவுமே வரவில்லை.

கணவர் பெயரில் தேடுங்கள். அக்காலப் பத்திரிகைகள் மணமான பெண்ணை 'திருமதி' என்ற சொல்லோடு கணவரின் முழுப் பெயரைச் சேர்த்துத்தான் எழுதின. எழுபது ஆண்டு வாழ்ந்த ஒருத்தியின் சொந்தப் பெயர் அவளது மரணச் செய்தியில்கூட வராமல் போனதை நான் பார்த்திருக்கிறேன். அவள் பெயர் கல்லறைக் கல்லில் மட்டும் இருந்தது.

சோஷியல் செக்யூரிட்டி இறப்புப் பட்டியல் என்பது?

மத்திய அரசின் ஓய்வூதிய அமைப்பு வைத்திருக்கும் பட்டியல். பெரும்பாலும் 1962க்குப் பின் இறந்தவர்கள் இருப்பார்கள். பெற்றோர் பெயர், காரணம் எதுவும் இருக்காது. அது சான்றிதழும் அல்ல, தேடத் தொடங்குவதற்கு ஒரு தேதியைத் தரும். 2013ல் வந்த சட்டத்தால், இறந்து மூன்றாண்டுகளுக்குள் இருப்பவர்களின் விவரம் பொதுமக்களுக்குக் கிடைக்காது.

விபத்தில் இறந்தவர் என்றால் கூடுதலாக ஏதாவது?

உண்டு. திடீர் மரணம், விபத்து, கொலை, தற்கொலை ஆகியவற்றைக் கவுண்டி கரோனர் விசாரிப்பார். ஓஹியோவில் இவர் மக்களால் தேர்ந்தெடுக்கப்படும் மருத்துவர். கிளீவ்லாந்து இருக்கும் கயஹோகா போன்ற ஓரிரு கவுண்டிகளில் மட்டும் நியமன மருத்துவ ஆய்வாளர். சுரங்கம், ரயில்பாதை, இரும்பு உலை வேலைகளில் மாண்டவர்களின் விசாரணைத் தாள்களில் சாட்சிகளின் வாக்குமூலம்கூட இருக்கும். படிக்கக் கனமானவை.

என் தந்தை போன மாதம் ஓஹியோவில் காலமானார். ஊரில் சொத்துக் காரியங்களுக்கு என்ன செய்ய வேண்டும்?

முதலில் என் ஆழ்ந்த அனுதாபங்கள். இந்தக் கேள்வி மட்டும் வரலாற்றுத் தேடல் அல்ல என்பதால் வரிசையாகச் சொல்கிறேன்.

சான்றிதழைப் பதிவு செய்வது இறுதிச் சடங்கு நிலையத்தார். பதிவாகும் முன் அவர்கள் காட்டும் வரைவில் பெயரை எழுத்தெழுத்தாகச் சரிபாருங்கள். பாஸ்போர்ட்டில் தகப்பன் பெயர் குடும்பப்பெயராகியிருக்கும், ஊர்ப் பத்திரத்தில் இனிஷியலாக இருக்கும். சான்றிதழில் மூன்றாவது வடிவம் வந்துவிட்டால் தாலுகா அலுவலகத்திலும் வங்கியிலும் பல மாதம் அலைய நேரிடும். இப்படி அலைந்த ஒரு குடும்பத்தை எனக்கு நன்றாகத் தெரியும். தாயின் கன்னிப் பெயர் என்ற கட்டத்தில் நம் வழக்கப்படி என்ன எழுதுவது என்று குழப்பம் வரும். பாட்டியின் தகப்பனார் பெயரை எழுதுங்கள், எல்லா ஆவணத்திலும் அதையே வைத்துக்கொள்ளுங்கள்.

சான்றிட்ட பிரதிகள் ஐந்தாறு வாங்கிவிடுங்கள். இந்தியாவில் காட்ட வேண்டிய பிரதிக்கு ஓஹியோ மாநிலச் செயலாளர் அலுவலகத்தில் அப்போஸ்டில் முத்திரை (ஒரு நாட்டின் ஆவணத்தை மற்ற நாடு ஏற்பதற்கான சான்று) பெற வேண்டும். அமெரிக்காவும் இந்தியாவும் அதற்கான பன்னாட்டு ஒப்பந்தத்தில் இருக்கின்றன, இந்தியா 2005ல் சேர்ந்தது. காலமானவர் இந்தியப் பாஸ்போர்ட் வைத்திருந்தால் இந்தியத் துணைத் தூதரகத்துக்கும் தெரிவித்துப் பாஸ்போர்ட்டை ரத்து செய்யுங்கள். மரணக் காரணம் 'விசாரணையில்' என்று இருந்தால், கரோனரின் முடிவு வந்த பின் திருத்திய பிரதிக்குக் காத்திருப்பது நல்லது.

சான்றிதழில் ஒரு தேதி, குறிப்பில் ஒரு தேதி, கல்லறையில் வேறொரு தேதி. எதை எடுத்துக்கொள்வது?

இறந்த தேதிக்கு மருத்துவர் எழுதியதை எடுத்துக்கொள்கிறேன். கல்லறைக் கல் பல ஆண்டுகள் கழித்து நட்டதாக இருக்கலாம். பிறந்த தேதிக்கு, பிறப்புக்கு மிக அருகில் எழுதப்பட்ட ஏடு எதுவோ அது. மற்றவற்றைத் தூக்கி எறியாமல், எது எங்கே கிடைத்தது, யார் சொன்னது என்று பக்கத்தில் குறித்து வைக்கிறேன். பழைய அரசுப் பதிவில் பிழை தெரிந்தாலும் அதைத் திருத்தக் கேட்டு எழுத வேண்டாம். உங்கள் ஏட்டில் எழுதிக்கொண்டால் போதும்.

பெயரில்லாமல் போன குழந்தைகளைக் கொடிவழியில் சேர்க்க வேண்டுமா?

சேருங்கள். மருமகள் வழியில் 1880களில் இறந்த ஒரு பெண் குழந்தைக்குப் பேரேட்டில் இருப்பது தகப்பன் பெயரும் பதினொரு நாள் வயதும் மட்டும். படத்தில் அவளுக்கு ஒரு வட்டம் போட்டு அதற்குள் 'பதினொரு நாள்' என்று எழுதச் சொன்னேன். பேத்தி எழுதிவிட்டு, அந்த வட்டத்துக்கு மஞ்சள் வண்ணம் தீட்டினாள்.